ஒட்சிசன் குறையை ஆராய்ந்த சேர் யோசெப் பார்க்கிரொவ்ற்

கல்லூரி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் புலவர் ஒருவரையோ புரவலர் ஒருவரையோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவர். ஒருநாள் இடைவேளையில் அவர் என்னிடம் வந்து, பாடநூலிற் சூல்வித்தகம் என்று குறித்திருக்கும் உறுப்பும் தம் பாட்டியார் நச்சுக்கொடி என்று சொல்லும் பொருளும் ஒன்றுதானோ என்று வினவினார். ஒன்றே என்றேன். அப்படியாயின், வயிற்றிற் கிடக்கும் சிசுவுக்கு உணவும் மூச்சும் ஊட்டுகின்ற உறுப்பை நஞ்சென்று பெயரிட்டு அழைப்பானேன் என்பது அவருடைய அடுத்த வினா. பிள்ளை பிறந்தபின் கழிந்து விழுவதனைத் தீட்டென்று ஒதுக்கியமையால் வந்த பெயராகலாம் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால், அவ்வுறுப்பு மூச்சூட்டுவது எங்ஙனம் என்பது எனக்கே தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மாலையில் விஞ்ஞான ஆசிரியராகிய நண்பரை அணுகிக் கேட்டேன். அவர் சொன்ன விடையின் இடையே பார்க்கிரொவ்ற் என்னும் பெயர் பலமுறை வந்தது. அன்று தொடங்கி அப்பெரியாரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். பிழைகளை அந்நண்பர் திருத்தித் தந்தார். எஞ்சிய பிழைகள் என்னுடையன.

யோசெப் பார்க்கிரொவ்ற் 1872ஆம் ஆண்டு யூலை மாதம் 26ஆந் திகதி அயர்லாந்தின் வடபாலுள்ள நியூறி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நார்த்துணி நெசவோடு தொடர்புடைய வணிகர். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். குவேக்கர்கள் ஆரவாரமற்ற வாழ்க்கையை விரும்புவோர்; போரைத் தீதென்று வெறுப்போர். இதனை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக, பின்னர் வேண்டப்படும். யோர்க்கு நகரிலுள்ள பூத்தம் பாடசாலையிலும் (பெயரைக் கண்டு நகைக்க வேண்டா), பின்னர் கேம்பிரிட்ச் நகரிலுள்ள லேய்சுப் பாடசாலையிலும் பயின்று, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்துக் கிங்சு கல்லூரியிற் சேர்ந்தார். இயற்கை விஞ்ஞானத் தேர்விலே முதல் வகுப்பிற் சித்தியடைந்து, 1897ஆம் ஆண்டு உடற்றொழிலியல் ஆய்வுகூடத்திற் புகுந்தவர், போர்க்கால வேலையும் ஆராய்ச்சிப் பயணங்களும் அழைத்தபோதன்றி அந்நகரை விட்டு அகலவில்லை எனலாம்.

அவருக்கு முதலிற் கொடுக்கப்பட்ட வேலை மிகச் சிறியது. வாயில் உமிழ்நீரைச் சுரக்கும் சுரப்பி, சும்மா இருக்கும்போது எவ்வளவு ஒட்சிசனை எடுக்கின்றது, சுரக்கும்போது எவ்வளவு எடுக்கின்றது என்று அளந்து கூறவேண்டும். பிராணவாயு என்று நாம் பழைய வழக்கிற் சொல்லும் அவ்வாயுவையே ஈண்டு ஒட்சிசன் என்கிறேன். அக்காலத்திற் குருதியிலுள்ள வாயுக்களை அளப்பதற்குப் பெருமளவு குருதி வேண்டும். ஒரு சிறு சுரப்பியிலிருந்து அவ்வளவு குருதிக்கு எங்கே போவது? ஆகவே அளக்கும் கருவியையே அவர் முதலிற் செய்யவேண்டியவரானார். ஒக்சுபோர்டைச் சேர்ந்த கோல்டேன் என்னும் பேரறிஞரும் இவரும் கூடி, ஒரு கன சதமமீற்றர் குருதியே போதும் என்னும் முறையொன்றை 1902இல் வெளியிட்டனர். இன்னும் நுட்பமான வேறொரு கருவியை இவர் தனித்து 1908இல் அமைத்தார். அன்றாடம் பாவிக்கும் பொருளைப்போல் அக்கருவி பல நாட்டு ஆய்வுகூடங்களிலும் பரவியது. ஓர் உறுப்புக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும், அது எவ்வழியால் வருகின்றது, குறைந்துவிட்டால் அவ்வுறுப்பு யாது செய்யும் என்னும் மூன்று வினாக்களையும் அவர் இளமையிற் பற்றிக்கொண்டார், பின்னர் விடவில்லை.

1903இல் வானியல் அறிஞர் சேர் உரொபேட்டு போல் என்பாரின் மகளாரை மணந்தார். ஆண்மக்கள் இருவர், மூத்தவர் கென்றி பின்னாளிலே தந்தையைப்போல உடற்றொழிலியற் பேராசிரியரானார். 1910இல் வேத்தியற் கழகத்தின் உறுப்பினராகப் பார்க்கிரொவ்ற் தெரிந்தெடுக்கப்பட்டார். குருதியின் சுவாசத் தொழில் பற்றிய அவரது பெருநூல் 1914இல் வெளிவந்தது.

பட்டங்களையும் பதவிகளையும் வரிசைப்படுத்துவதிற் பயனில்லை. அவரை அறியவேண்டுமாயின் அவர் மலையேறியதை அறியவேண்டும். உயர்ந்த மலையிற் காற்று மெலிந்து ஒட்சிசன் குறையும். அங்கே உடம்பு என்ன செய்கின்றது என்று காண 1910இல் தெனெரீபுத் தீவின் மலைக்கும், 1911இல் இத்தாலி நாட்டெல்லையிலுள்ள மொந்தே உரோசா மலைக்கும் சென்றார். இக்காலத்தில் கோல்டேன் ஒரு கொள்கையை வலியுறுத்தி வந்தார். சுரப்பி உமிழ்நீரைச் சுரப்பதுபோல நுரையீரலும் வேண்டும்போது ஒட்சிசனைத் தானே முயன்று குருதிக்குள் செலுத்தும் என்பது அக்கொள்கை. பார்க்கிரொவ்ற் இதனை ஏற்கவில்லை. கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு தானே பரவுகின்றது, நுரையீரல் வாயில்போல நிற்கின்றதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை என்பது இவர் கருத்து. கருவி செய்வதிற் கூட்டாளிகளாயிருந்த இருவர் இப்போது எதிரெதிரே நின்றனர். நட்பில் முறிவில்லை, கருத்தில் இணக்கமும் இல்லை.

இதனைத் தீர்ப்பதற்கு 1920ஆம் ஆண்டிற் பார்க்கிரொவ்ற் தம் உடம்பையே களமாக்கினார். ஆய்வுகூடத்திற் கண்ணாடியால் அடைத்த அறையொன்று அமைக்கப்பட்டது. அதனுள் அவர் ஆறு நாட்கள் தங்கினார். உள்ளிருந்த ஒட்சிசன் நாளுக்கு நாட் குறைக்கப்பட்டு, ஏறத்தாழ 16,000 அடி உயரத்து மலையிலுள்ள அளவுக்கு இறக்கப்பட்டது. தலைவலியும் வாந்தியும் வந்தன, அவர் வெளியேறவில்லை. இறுதியில் இடக்கையின் மணிக்கட்டு நாடியைத் திறந்து குருதி எடுத்தனர். நாடிக் குருதி செந்நிறமாயிருத்தல் வேண்டும். அன்று அது கறுத்திருந்தது. நுரையீரல் ஒட்சிசனைச் சுரப்பதாயின் அது கறுத்திருக்கமாட்டாது. கோல்டேன் மாத்திரம் 1936இல் இறக்கும்வரை தம் கொள்கையைக் கைவிடவில்லை.

அவ்வாறு நாட்களுக்கு முன்னரே உயிரைப் பணயம் வைத்த வேறொரு செயலும் உண்டு. முதலாம் உலகப் போரின்போது நச்சு வாயுக்கள் பற்றிய ஆராய்ச்சிக்காகப் போட்டன் என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட நிலையத்தில் அவர் தலைமை உடற்றொழிலியலாளராகக் கடமையாற்றினார். ஐதரோசயனிக்கு அமில வாயு மனிதரை எவ்வளவு விரைவிற் கொல்லும் என்பதிற் கருத்து வேறுபாடு எழுந்தது. நாய்களிற் செய்த சோதனையை நம்பி முடிவு கூறலாமா என்பது வினா. பார்க்கிரொவ்ற் முகமூடியின்றி ஒரு நாயோடு அவ்வாயு நிறைந்த அறையுட் புகுந்தார். ஒன்றரை நிமிட அளவில் நாய் வீழ்ந்தது. அவர் நடந்து வெளியே வந்தார். செத்ததென்று கருதிய நாயும் மறுநாட் காலையில் எழுந்து நின்றதாம். போரை வெறுக்கும் குடும்பத்திற் பிறந்தவர் இத்தகைய வேலையை ஏற்கலாமா என்று கேட்பவர் கேட்கலாம். நச்சு வாயுவால் நுரையீரல் வெந்த போர்வீரரைக் காப்பதற்கு வழி தேடியவரும் அவரே. யான் அவருக்காக வழக்காடப் போவதில்லை; பிறரை அனுப்பாமல் தாமே உள்ளே போனார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

1921ஆம் ஆண்டின் இறுதியில், ஆங்கிலேயரும் அமெரிக்கருமாகிய அறிஞர் குழுவோடு பேரு நாட்டுக்குக் கப்பலேறினார். கடற்கரையிலிருந்து அந்தீசு மலைத்தொடரின்மீது ஏறும் இருப்புப்பாதை அங்கே உண்டு. புகைவண்டியின் பொதிப்பெட்டி ஒன்றை ஆய்வுகூடமாக மாற்றிக்கொண்டு, 14,000 அடிக்கு மேலுள்ள செரோ தெ பாசுக்கோ என்னும் சுரங்க நகருக்குச் சென்று, தங்கள் குருதியையும் அவ்வூர்வாசிகளின் குருதியையும் அளந்தனர். அளவைகள் யாவும் செவ்வையாக எடுக்கப்பட்டன. ஆனால் அவற்றிலிருந்து பார்க்கிரொவ்ற் ஒரு முடிவுக்குத் தாவினார். உயர்ந்த மலைகளில் வாழ்வோர் எவராயினும் உடல் வலியிலும் அறிவு வலியிலும் குறைந்தவரே என்று 1925இல் வெளியிட்ட நூலில் எழுதிவிட்டார்.

தம் கண்ணெதிரே அம்மலைவாசிகள் தாதுப் பொதிகளைச் சுமந்துகொண்டு சுரங்கத்திலிருந்து ஏறிவந்ததைக் கண்டவர் இவ்வாறு எழுதியது வியப்பே. பேரு நாட்டு மருத்துவர் கார்லோசு மொங்கே இதனைக் கடுமையாக மறுத்தார். பன்னூறு தலைமுறையாக அம்மலையிற் பிறந்து வளர்ந்து பேரரசு கண்ட மக்களைச் சில கிழமை விருந்தாளி ஒருவர் எடைபோடலாகாது என்பதும், அவ்விருந்தாளி தாமே மலைநோயில் வாடியபடி பிறரை அளந்தார் என்பதும் அவரது மறுப்பின் சாரம். மலைவாசிகளின் உடம்பு அம்மலைக்கென்றே அமைந்தது என்று மொங்கே தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து காட்டினார். பார்க்கிரொவ்ற்றின் வரலாற்றை எழுதுவோர் சிலர் இச்சறுக்கலை மெல்லக் கடந்து போவர். யான் அவ்வாறு செய்யாமைக்குக் காரணம் உண்டு. தாயின் வயிற்றை அவர் ஆராய்ந்தபோதும் இதே சறுக்கல் வேறு வடிவில் நிகழ்ந்தது.

பேருவிலிருந்து கருப்பைக்கு வந்த வழி விந்தையானது. அக்கப்பற் பயணத்தில், வெப்ப மண்டலத்தைக் கடக்கும்போது தங்கள் உடம்பிற் சுற்றியோடும் குருதியின் அளவு கூடியதைக் குழுவினர் கண்டனர். இந்தக் குருதி எங்கிருந்து வந்தது? நாடு திரும்பியபின் அதனைத் தேடினார். தேடியவர் மண்ணீரலிற் கண்டார். சில விலங்குகளில் மண்ணீரல் ஒரு குளம்போலக் குருதியைத் தேக்கிவைத்து, ஓடும்போதும் மூச்சு முட்டும்போதும் சுருங்கி அதனை வெளிவிடுகின்றது. இதனை நாய்களிற் பார்த்துக்கொண்டிருக்கையில், சினைப்பட்ட நாயின் மண்ணீரல் ஓடாமலே நாளுக்கு நாட் சுருங்கியது. அவ்வாறாயின் அக்குருதி கருப்பைக்கே போகின்றது என்று ஊகித்தார். 1932இல் முயல்களின் கருப்பைக் குருதியை அளந்தார். அறுபது வயதிற் புதிய துறையொன்றைத் தொடங்கியவர் என்று அவரைச் சொல்வது இதனாலேதான்.

அதன்பின் அவர் எடுத்துக்கொண்டது செம்மறியாடு. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். தாய்க்கு முதுகெலும்பில் மருந்தேற்றி உணர்ச்சி நீக்கி, கருப்பையைத் திறந்து, குட்டியைக் கொடி அறாமல் வெதுவெதுப்பான உப்புநீரில் மிதக்கவிட்டு, கொடியிலிருந்து குருதியெடுத்து அளப்பார்கள். எத்தனையோ ஆடுகள் இவ்வாறு மடிந்தன. கொல்லாமையை அறமெனக் கற்பிக்கும் தமிழாசிரியன் இதனை எழுதும்போது கை சற்றே தயங்கத்தான் செய்கின்றது. ஆயினும் இவ்வளவைகள் இல்லையேல் இன்று மருத்துவமனைகளில் உயிர்பிழைக்கும் குறைமாதக் குழந்தைகள் பலர் பிழைத்திருப்பார்களா என்று நண்பர் கேட்டார். என்னிடம் விடையில்லை.

அந்தக் கொடிக் குருதி அவருக்குச் சொன்ன செய்தி வியக்கத்தக்கது. சமநிலத்தில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் நாடிக் குருதியில் ஒட்சிசன் அமுக்கம் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் இரசம் இருக்கும். சூல்வித்தகத்திலிருந்து சிசுவை நோக்கி வரும் நல்ல குருதியிலோ அது ஏறத்தாழ 30 மாத்திரமே. கண்ணாடி அறையில் ஆறு நாட்கள் தாம் பட்ட பாடு அவருக்கு நினைவு வந்திருக்கும். இவ்வளவு குறைந்த ஒட்சிசனில் வளர்ந்தவர் இல்லை என்று தேடியலைந்தவருக்கு, மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் வாழ்வின் முதற் பத்து மாதங்களை எவரெசுற்றுச் சிகரத்தில் இருப்பதுபோற் கழித்தே வந்திருக்கின்றனர் என்பது புலனாயிற்று. இந்த ஒப்புமையை அவர் எடுத்தாண்ட காலத்தில் எவரெசுற்றின் உச்சியில் எவரும் கால் வைத்ததில்லை. அது நிகழ்ந்தது அவர் இறந்து ஆறு ஆண்டுகளின் பின், 1953இல். இன்னும் பல ஆண்டு கழித்து, 2007இல், பிரித்தானிய மருத்துவர் குழுவொன்று அச்சிகரத்திலிருந்து இறங்கும் வழியில் 8,400 மீற்றர் உயரத்தில் நின்று, தங்களுட் சிலரின் தொடை நாடியிலிருந்து குருதியெடுத்தது. சராசரி ஒட்சிசன் அமுக்கம் 24.6 மில்லிமீற்றர் இருந்தது. ஒப்புமை பொய்க்கவில்லை.

மலையேறுவோர் மயங்கி விழும் இடத்திற் சிசு கொழுகொழுவென்று வளர்வது எப்படி? சிசுவின் ஈமோகுளோபின் தாயின் ஈமோகுளோபினைக் காட்டிலும் ஒட்சிசனை விரைந்து பற்றும் இயல்புடையது. மெலிந்த இடத்திலும் அது தன் பங்கைப் பறித்துக்கொள்ளும். ஆட்டிலும் வெள்ளாட்டிலும் இதனைப் பார்க்கிரொவ்ற்றும் அவர் குழுவினரும் அளந்து காட்டினர். சிசுவின் இதயமும் விரைந்து அடித்துக் குருதியை ஓயாமற் சுற்றுகின்றது. அதற்கு மூச்சிழுக்கும் வேலையும் இல்லை. உடம்பைச் சூடாக்கும் செலவும் இல்லை.

இனி அவர் சறுக்கிய இடம். மாதம் ஏற ஏறக் கொடிக் குருதியில் ஒட்சிசன் குறைந்துகொண்டே போவதை அவர் கண்டார். சிசு வளர்ந்து, கருப்பை போதாமல், இறுதியில் மூச்சுமுட்டும் நிலைக்கு வருகின்றது என்றும், பிறப்பு அந்நெருக்கடியிலிருந்து தப்புவது போன்றது என்றும் எண்ணினார். ஆனால் அவர் அளந்தது, வயிறு திறக்கப்பட்டு மருந்தால் மயங்கிக் கிடந்த தாய்களின் குட்டிகளை. மலையில் நோயுற்றபடி மலைவாசிகளை அளந்ததற்கும் இதற்கும் பெரிய வேற்றுமையில்லை. இதனைத் திருத்தியவர் அயலார் அல்லர். அவரோடு உடனிருந்து உழைத்த அமெரிக்கராகிய தொனால்டு பாறன். அவரும் மெசுக்கியா முதலியோரும் 1960களில், குட்டியின் குருதிக்குழாயில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, வயிற்றை மூடி, தாய் எழுந்து புல்மேயும் வரை காத்திருந்து பின்னர் அளந்தனர். அமைதியாக நிற்கும் தாயின் வயிற்றிற் குட்டியின் ஒட்சிசன் நிலை குலையாதிருந்தது. எவரெசுற்று இருந்தது உண்மை, மூச்சுமுட்டல் இல்லை. பாறன் குழுவினர் பேரு நாட்டு மலைமேலேயும் சினையாடுகளை ஆராய்ந்தனர். ஆசிரியர் பிழைவிட்ட மலைக்கே மாணவர் போய் அளந்த இச்செய்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவும் நலமான கருவைப் பற்றியது. நலங்கெட்ட கருவைப் பற்றி எழுதாது விட மனம் ஒப்பவில்லை. எம் உறவில் ஒரு பெண், முதற் பிள்ளைக்கு எட்டாம் மாதமாயிருக்கையிற் காலும் முகமும் வீங்கினாள். பிள்ளைப் பூரிப்பு என்று வீட்டார் மகிழ்ந்தனர். தலையிடி என்றபோது பத்துப் போட்டனர். ஒரு கிழமைக்குள் வலிப்பு வந்தது. தாயை மருத்துவர்கள் மீட்டனர், பிள்ளை தப்பவில்லை. பிறந்து இறந்த அப்பிள்ளை மாதத்துக்கேற்ற வளர்ச்சியின்றி மிகச் சிறிதாயிருந்ததை யான் கண்டேன். குருதியமுக்கம் உயர்ந்து, சிறுநீரிற் புரதம் கழியும் இந்நோயை முன்சூல்வலிப்பு என்பர். இதன் வேர் சூல்வித்தகத்தில் இருக்கின்றது என்பதை நண்பர் விளக்கும்வரை யான் அறியேன்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். சூல்வித்தகம் வெறும் வாயில் அன்று. அது தானும் உண்ணும் உயிருள்ள உறுப்பு. கருப்பைக்கு வரும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தானே செலவிட்டு, எஞ்சியதையே சிசுவுக்கு விடுகின்றது. பார்க்கிரொவ்ற் இளமையில் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கேட்ட கேள்வியை, அவர் பின்வந்தோர் இவ்வுறுப்பைக் கேட்டனர். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாயின் குருதி உள்ளே புகாதவாறு கருவின் கலங்களே கருப்பை நாடிகளின் வாயை அடைத்து வைத்திருக்கின்றன. எட்டாம் கிழமையில் அங்கே ஒட்சிசன் அமுக்கம் 20 மில்லிமீற்றருக்கும் குறைவு. பன்னிரண்டாம் கிழமையளவில் அடைப்பு நீங்கி அது 50ஐத் தாண்டுகின்றது. தொடக்கத்திற் குறைவே காவல். இளந்தளிரை வெயிலுக்கு மறைப்பதுபோல. அதன்பின் அக்கலங்கள் கருப்பை நாடிகளுள் ஊர்ந்து புகுந்து, அவற்றின் இறுகிய சுவர்களைத் தளர்த்தி, குறுகிய வாய்க்காலை அகன்ற ஆறாக்கவேண்டும். முன்சூல்வலிப்பிற் பெரும்பாலும் இவ்வேலை அரைகுறையாய் நின்றுவிடுகின்றது. குருதி ஒருகாற் பீறிட்டும் ஒருகால் நின்றும் வருகின்றது. ஒட்சிசனும் அவ்வாறே.

அப்போது சூல்வித்தகத்தின் கலங்கள் யாது செய்யும்? ஒட்சிசன் குறைந்ததை உணரும் புரதம் ஒன்று ஒவ்வொரு கலத்திலும் உண்டு. ஒட்சிசன் போதியளவு இருக்கையில் அது உடனுக்குடன் அழிக்கப்படும். குறைந்தால் அழியாது நின்று ஆட்சி செய்யும். இதனைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்புரதத்தின் ஆட்சியிற் கலம் தன் செலவைச் சுருக்குகின்றது. ஒட்சிசனைக் கொண்டு சத்தியை ஆக்கும் இழைமணிகளின் வேலை தணிகின்றது. ஒட்சிசன் இன்றியே குளுக்கோசைச் சிதைத்து இலற்றிக்கு அமிலமாக்கும் பழைய வழிக்குக் கலம் திரும்புகின்றது. ஆயினும் அவ்வழியில் ஒரு குளுக்கோசுக்குக் கிடைக்கும் சத்தி மிகச் சிறிது. ஆகவே குளுக்கோசு மிகுதியாக வேண்டும். புரதம் கட்டும் வேலையும் தடைப்படுகின்றது. உயர்ந்த மலைகளில் வாழும் தாய்மாரின் சூல்வித்தகத்தை ஆராய்ந்தோர் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கின்றனர். அங்கே அவ்வுறுப்பு தனக்கு வேண்டிய ஒட்சிசனைக் குறைத்துக்கொண்டு, அதனைச் சிசுவுக்கு விட்டுவிடுகின்றது. ஆனால் அதற்கு ஈடாகக் குளுக்கோசைக் கூடுதலாகத் தின்றுவிடுகின்றது. மூச்சு மிஞ்சுகின்றது, உணவு குறைகின்றது, சிசு சிறுத்துப் பிறக்கின்றது. 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் வீதம் பிறப்பு நிறை குறைவதாகக் கணக்கிட்டுள்ளனர். முன்சூல்வலிப்பும் மலைகளிற் கூடுதலாக வருகின்றது. அந்தீசிலும் தீபெத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இந்நிறைக்குறைவு அவ்வளவு இல்லை. மொங்கே இதனைக் கேட்டிருந்தால் உளம் பூரித்திருப்பார்.

தாய்க்கு வலிப்பு வருவதற்குக் காரணம் வேறு. ஒட்சிசன் குன்றித் தவிக்கும் சூல்வித்தகம் சில புரதங்களைத் தாயின் குருதியில் மிகுதியாகச் சொரிகின்றது. அவை தாயின் குருதிக்குழாய்ச் சுவர்களைத் தாக்கிக் குருதியமுக்கத்தை ஏற்றுகின்றன. இவற்றுள் முதன்மையான ஒன்றை 2003இல் அமெரிக்காவின் பொசுற்றன் நகரில் எடுத்துக் காட்டிய குழுவின் தலைவர் ஆனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். இதைக் கேட்டபோது அம்மாணவரின் பாட்டியார் எனக்கு நினைவுக்கு வந்தார். நச்சுக்கொடி என்னும் பெயர் சில தாய்மார் மட்டிலேனும் முற்றும் பிழையன்று என்று அம்மாணவரை அழைத்துச் சொன்னேன். பரீட்சையிற் சூல்வித்தகம் என்றே எழுதுமாறும் சொல்லிவைத்தேன்.

பார்க்கிரொவ்ற் 1925 முதற் கேம்பிரிட்ச்சில் உடற்றொழிலியற் பேராசிரியராக இருந்து 1937இல் ஓய்வு பெற்றார். 1935இல் சேர் பட்டமும், 1943இல் வேத்தியற் கழகத்தின் உயரிய கொப்பிளிப் பதக்கமும் அவரை வந்தடைந்தன. ஓய்வு என்பது பெயரளவிலேதான். ஒக்சுபோர்டு நண்பர்களோடு கூடி, பிறக்கும் ஆட்டுக்குட்டியின் இதயத்தினூடே குருதி பாயும் வழியை ஊடுகதிர்ப் படங்களாற் கண்டது அதன் பின்னரே. இரண்டாம் உலகப் போரின்போது, எழுபதை எட்டிய வயதில், கால்நடைகளின் செரிமானம் பற்றிய ஆய்வுப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கினார். புல்லைத் தின்னும் ஆட்டுக்குச் சத்தி எவ்வழியாற் கிடைக்கின்றது என்பது அங்கே அவர் கேட்ட கேள்வி. பிறப்புக்கு முந்திய வாழ்வு பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி அவர் எழுதிய நூலின் முதற்பாகம் 1946இல் வெளிவந்தது. 1947ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி கேம்பிரிட்ச்சில் அவர் காலமானார். இரண்டாம் பாகம் வெளிவரவில்லை.